பாரமில்லாத வண்டி

ஒன்றைப் போல இன்னொன்றைச் செய்வது மனிதனின் இயல்பு. குழந்தை களிமண்ணில் தோசை சுடுகிறது. சிற்பி மரத்தில் பாடுபட்ட சுரூபத்தைச் செதுக்குகிறான். போலச் செய்வது பொய்யாகாது. ஆனால், செய்யப்பட்டதைப் பார்த்து, "இது அசலைப் போலவே இருக்கிறது" என்று ஒருவர் சொல்லும்போது, உண்மை, பொய் என்னும் கேள்வி பிறந்துவிடுகிறது. சொன்னவர் எதைக் கொண்டு அளந்தார்? அவ்வாறு சொல்ல அவருக்குள்ள தகுதி என்ன? இக்கேள்வியை என்னுள் எழுப்பியது எங்கள் பங்கின் இளைஞர் ஒருவர் கணினியில் உருவாக்கிய கன்டெய்னர் லாரி.

எர்ணாவூரில் வாழ்வோருக்குக் கன்டெய்னர் லாரியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தை நோக்கி அவை வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் தொழிற்சாலையும் எண்ணூரில்தான் எழுந்தது. எனவே, லாரி எங்கள் இளைஞர்களின் கனவிலும் ஓடுவதில் வியப்பில்லை.

வண்டி ஓட்டும் கணினி விளையாட்டுகள் பலவற்றில், விளையாடுவோர் தாமே வாகனங்களைச் செய்து சேர்க்க முடியும். 2014-இல் வெளிவந்த 'அசெட்டோ கோர்சா' என்னும் இத்தாலிய விளையாட்டுக்கு உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் கார்களைச் செய்திருக்கிறார்கள். 2017-இல் வந்த இந்தோனேசியப் பேருந்து விளையாட்டில் நம் தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளும் ஓடுகின்றன. நம் இளைஞரும் பல மாத இரவுகளைச் செலவிட்டு லாரியைச் செய்து முடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலிக்குப் பின் பங்கு மன்றத்தில் அதை ஓட்டிக் காட்டினார். வண்ணம், எண் பலகை, கண்ணாடியில் தொங்கிய செபமாலை என எதிலும் குறையில்லை. "நீங்க சொல்லுங்க ஃபாதர்" என்றார்கள். "அசலேதான்!" என்றேன்.

அவருடைய தந்தையார் முப்பது ஆண்டுகள் அத்தகைய லாரியை ஓட்டியவர். மகன் வற்புறுத்தவே, ஸ்டியரிங்கைப் பிடித்து இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு எழுந்தார். "எல்லாம் நல்லாத்தாம்பா இருக்கு. ஆனா வண்டியில பாரம் இல்லையே" என்றார். சிரிப்பு எழுந்தது. "சாமியே அசல்னு சொல்லிட்டாரு, உனக்கு என்னாண்ணா தெரியும்?" என்றார் ஒருவர். அவர் பேசாமல் போய் நின்றுகொண்டார். அந்த மௌனம் ஒரு வாரம் என்னை உறங்கவிடவில்லை.

பிறகு அந்த இளைஞரோடு அமர்ந்து கேட்டறிந்தேன். இவ்வாகனங்களுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் உருவம். மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாத எண்கள்: எடை எவ்வளவு, அந்த எடையின் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, டயர் சாலையை எவ்வளவு பற்றுகிறது, பிரேக் எவ்வளவு அழுத்துகிறது என்பன. உருவத்தைப் புகைப்படம் பார்த்துச் செய்துவிடலாம். எண்களையோ அளந்துதான் அறிய வேண்டும். அளக்க வழியில்லாதவர்கள் வேறொரு வண்டியின் எண்களை எடுத்து, புதிய உருவத்திற்குள் வைத்துவிடுவதும் உண்டு. நம் இளைஞரும் அப்படித்தான் செய்திருந்தார். எடை காலி வண்டியினுடையது. மேலும், நண்பர்கள் விரும்பினார்கள் என்பதற்காகப் பிரேக்கின் எண்ணை உயர்த்தியிருந்தார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற வண்டி 10 மீட்டருக்குள் நின்றது.

இது நடக்கக்கூடியதா? கணக்கிட்டுப் பார்த்தோம். அவ்வாறு நிற்க, புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு விசையோடு டயர் சாலையைப் பற்ற வேண்டும். எந்த லாரி டயருக்கும் அந்த ஆற்றல் இல்லை. நல்ல பிரேக் உள்ள லாரிக்கும் நிற்க 28 மீட்டர் அளவு தேவை. ஓட்டுநர் கண்டு, கால் வைக்கும் ஒரு நொடியில் வண்டி கடந்துவிடும் 17 மீட்டரையும் சேர்த்தால் 45 மீட்டர். பள்ளிப் பிள்ளைகள் லாரிகளுக்கு இடையே சாலையைக் கடக்கும் ஊர் நம் ஊர். பெரிய வண்டி சைக்கிளைப் போல நின்றுவிடும் என்று திரையில் பார்த்துப் பழகிய கண், சாலையில் எதை நம்பும்? அப்போதுதான் இது வெறும் விளையாட்டு அல்ல என்று உணர்ந்தேன்.

உண்மையை அளக்க நாம் தவறான அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறோம். முதலாவது, தோற்றம். நான் விழுந்தது அதில்தான். இரண்டாவது, இன்பம். ஓட்ட இனிதாயிருப்பதை நல்லது என்கிறோம். நல்லதை உண்மை என்று எண்ணிவிடுகிறோம். மூன்றாவது இன்னும் நுட்பமானது, அது கடுமை. ஒரு காரை நேராக ஓட்டவே முடியாமல், தொட்டால் வழுக்கிச் சுழலும்படி செய்துவிட்டு, "இதுதான் அசல், திறமையுள்ளவனே ஓட்ட முடியும்" என்பாரும் உளர். உண்மையான கார்களோ சாதாரண மனிதரும் ஓட்டும்படி பொறுமையோடு வடிவமைக்கப்பட்டவை. கடினமாயிருப்பதெல்லாம் உண்மை என்னும் இந்த மயக்கம் திருச்சபைக்கும் புதிதன்று. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவிய ஜான்சனியம், கடுமையைத் தூய்மை என்று எண்ணி எளிய மக்களை நற்கருணைப் பந்தியிலிருந்து விலக்கி வைத்தது. அடிக்கடி நற்கருணை உட்கொள்ளலாம் என்று புனித பத்தாம் பத்திநாதர் 1905-இல் கதவைத் திறந்துவிட்டார்.

அப்படியானால் சரியான அளவுகோல் எது? மனத்தில் உள்ளது பொருளில் உள்ளதோடு பொருந்துவதே உண்மை என்று குருமடத்தில் புனித தாமஸ் அக்குவினாஸின் வழியில் கற்றோம். அவ்வளவுதான்; ஆனால் அந்தப் பொருத்தத்தைச் சோதிக்க உழைக்க வேண்டும். எடைமேடைச் சீட்டைப் பார்க்க வேண்டும். நிற்கும் தூரத்தை அளக்க வேண்டும். வளைவில் என்ன நேர்கிறது என்று பார்க்க வேண்டும். தாழ்வான கார் வேகமாகத் திரும்பினால் கவிழ்வதற்கு முன் வழுக்கும். உயரமாகப் பாரம் ஏற்றிய கன்டெய்னர் லாரியோ வழுக்குவதற்கு முன் கவிழும். செய்யப்பட்ட லாரி காரைப் போல வழுக்கினால், அதன் எடை இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை என்று பொருள்.

அனுபவம் உள்ளவரின் சொல் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. ஓட்டுநர் கண்ணால் மட்டும் ஓட்டுவதில்லை. இருக்கையின் அதிர்விலும் உடலின் சாய்விலும் வண்டியை அறிகிறார். திரைக்கு முன் அந்த அறிவு கிடைப்பதில்லை. ஆகவே, சரியாகச் செய்த வண்டியும் அவருக்குப் பொய்யாகத் தோன்றக்கூடும். தந்தைக்கு உடலறிவு இருந்தது, எண்கள் தெரியாது. மகனுக்கு எண்கள் தெரியும், பாரத்தை அறியார். இருவரும் சேர்ந்தால்தான் சான்று நிறைவு பெறும். இருவரையும் சேர்த்து வைத்திருக்க வேண்டிய நானோ, என் உடுப்பின் மதிப்பை ஒரு பக்கத்துத் தராசில் வைத்தேன்.

எட்டாம் கட்டளை பொய்ச்சான்றை விலக்குகிறது. பொய் என்று தெரிந்து சொல்வதே பொய்ச்சான்று என்று நினைத்துவிடுகிறோம். அறியாததை அறிந்தவர் போலச் சொல்வதும் அதன் அண்டை வீடுதான். பாராட்டாகச் சொன்னால் குற்றமில்லை என்பதும் சரியன்று. என் பாராட்டு, உண்மை சொன்ன ஒருவரின் வாயை அடைத்தது. பிறரைத் தீர்ப்பிடாதே என்ற ஆண்டவரின் போதனை மனிதரின் உள்ளத்தைக் குறித்தது. மனிதர் செய்த பொருளைச் சோதிக்காதே என்று அவர் சொல்லவில்லை. நம் சென்னை மண்ணில் மறைசாட்சியாக இறந்தார் என்று நாம் போற்றும் புனித தோமையாரை எண்ணிப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவரின் முகத்தை அவர் அடையாளமாகக் கேட்கவில்லை, காயங்களைக் கேட்டார். சிலுவையின் பாரம் எங்கே பதிந்ததோ, அங்கே உண்மையைத் தேடினார். ஆண்டவரும் அவரை விரட்டவில்லை. தம் காயங்களைக் காட்டினார்.

அடுத்த ஞாயிறு அதே மன்றத்தில், அன்று கேட்டவர்கள் முன்னிலையில், "அண்ணன் சொன்னதுதான் சரி, நான் தெரியாமல் சொன்னேன்" என்றேன். என் குருத்துவ வாழ்வில் அதைவிட நீண்ட பிரசங்கங்கள் செய்திருக்கிறேன்; அதைவிடக் கடினமான ஒன்றைச் செய்ததாக நினைவில்லை.

தந்தையும் மகனும் பழைய எடைமேடைச் சீட்டுகளை வைத்துக்கொண்டு எண்களைத் திருத்தினார்கள். இப்போது அந்த லாரி மேம்பாலத்தில் மெல்ல ஏறுகிறது. நிற்க நெடுந்தூரம் கேட்கிறது. நண்பர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லையாம். தந்தையார் மறுபடி ஓட்டிப் பார்த்தார். "இப்ப பாரம் தெரியுது. ஆனா பாலத்துல இறங்கும்போது எப்படின்னு எனக்கு இன்னும் சரியா சொல்லத் தெரியலப்பா" என்றார்.

அறிந்ததை அறிந்தேன் என்றும், அறியாததை அறியேன் என்றும் சொல்லும் அந்த நாவே நேர்மையான தராசு. நாம் வழங்கும் ஒவ்வொரு பாராட்டிலும், ஒவ்வொரு தீர்ப்பிலும் அதன் எடைக்கு உரிய பாரம் இருக்கிறதா என்று பார்ப்போம்.