அம்மாவின் சண்டைகள்

நாளிதழில் வரும் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களை வரி விடாமல் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஆண்கள் அதில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியராக, அரிசி மில் அதிபராக, முன்னாள் கவுன்சிலராக இருப்பார்கள். பெண்கள் எல்லோரும் ஒரே ஆள்தான். அன்பின் இருப்பிடம், பொறுமையின் சிகரம், குடும்பத்தின் குலவிளக்கு. படத்தை மாற்றிப் போட்டாலும் யாருக்கும் தெரியாது.

எங்கள் அம்மா இறந்தபோது பாளையங்கோட்டையில் தெருமுனையில் கட்டிய ஃபிளக்ஸிலும் ‘பொறுமையின் சிகரமே’ என்றுதான் அடித்து வந்தது. சித்தப்பா மகன் போட்டோவை மட்டும் கொடுத்திருக்கிறான். வாசகம் கடைக்காரரிடம் தயாராக இருந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு, “இது யாருக்குடே வச்சிருக்கீக?” என்றார். துக்க வீடு என்றும் பாராமல் அத்தைமார் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

அம்மாவுக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். ரேஷன் கடையில் தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். எடை குறைந்தால் தனக்காக மட்டுமல்ல, வரிசை முழுவதற்கும் சேர்த்துச் சண்டை பிடிப்பாள். டிவிஎஸ் 50-ல் ஆச்சியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போவாள். அங்கே சிற்பங்களுக்கு ஒரு மணி நேரம், சாமிக்கு இரண்டு நிமிஷம். அப்பாவோடு கோபம் என்றால் பேச்சு எங்கள் வழியாகத்தான் போகும். “உங்கப்பாட்ட சொல்லு, சோறு ஆறிப்போவுது.” அப்பா எதிரிலேயேதான் உட்கார்ந்திருப்பார். “உங்கம்மாட்ட சொல்லு, எனக்குக் காது கேக்கும்” என்பார் அவர். ஊரே இப்போது புகழ்கிற கைமணம் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடலாம்: மீன் குழம்பு பிரமாதம், ரசம் சுமார்தான்.

வீட்டுக் கணக்கை அம்மா தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, கிளிப் போட்டு வைப்பாள். கருமாதிக்குப் பிறகு பீரோவை ஒதுங்க வைக்கும்போது ஒரு கட்டு கிடைத்தது. பால், மண்ணெண்ணெய், சின்னவனுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் என்று போகிற வரிசையின் நடுவே ‘மேட்னி, முறுக்கு’ என்று ஒரு வரி. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘இவுகளுக்குச் சொல்ல வேண்டாம்’. அப்பாவிடம் காட்டினோம். “எனக்குத் தெரியும்லா, டிக்கெட் கிழிக்கிறவன் என் கூடப் படிச்சவன்” என்றார்.

இப்படி ஒருத்தியை எதற்காகப் பொறுமையின் சிகரமாக்குகிறோம்? இறந்தவர்களைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்கிற மரியாதை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இருக்கிறவர்களின் வசதி என்று நினைக்கிறேன். பொறுமையாக இருந்தவள் எதையும் கேட்டிருக்க மாட்டாள். கேட்காதவளுக்கு நாம் எதுவும் பாக்கி வைக்கவில்லை. கணக்கு அத்தோடு முடிந்தது.

அம்மா கேட்டாள். தபால் வழியில் பி.எட். படிக்க வேண்டும் என்று, எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, வீட்டில் மாதக்கணக்கில் சண்டை நடந்தது. பிள்ளைகளை யார் பார்ப்பது, கணவன் சம்பாதிப்பது போதாதா, இந்த வயதில் என்ன படிப்பு. விண்ணப்பத்தை அம்மா பூர்த்தி செய்து வைத்திருந்தாள். கடைசித் தேதி போய்விட்டது. அவள் தோற்ற சண்டை அது ஒன்றுதான் என்று அத்தை சொல்வாள். அஞ்சலி வாசகத்தை நம்பினால் அப்படி ஒரு விண்ணப்பமே இருந்திருக்காது.

மனைவியின் சண்டையை மறைக்காமல் எழுதியவர் காந்தி. 1901-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து புறப்படும்போது அங்குள்ள இந்தியர்கள் தந்த பரிசுகளில் கஸ்தூர்பாவுக்கென்று ஒரு தங்க அட்டிகையும் இருந்தது. எல்லாவற்றையும் பொதுக் காரியத்துக்கு அறக்கட்டளையாக்க காந்தி முடிவு செய்தார். என் அட்டிகையைத் தர நீங்கள் யார் என்று கேட்டார் கஸ்தூர்பா. என் சேவைக்காகத்தானே வந்தது என்றார் காந்தி. இரவு பகலாக உங்களுக்கும், வீட்டுக்கு வந்தவர்களுக்கும் உழைத்தேனே, அது சேவை இல்லையா என்று திருப்பிக் கேட்டார். அட்டிகை கடைசியில் போய்விட்டது. ஆனால் அந்தக் கேள்வி தைத்தது என்பதைச் சுயசரிதையில் காந்தியே ஒப்புக்கொள்கிறார். அதை அவர் எழுதாமல் விட்டிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது, ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வாய் பேசாத ஒரு மூதாட்டி.

பெரியாரின் மனைவி நாகம்மையார் 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் நின்றவர், 1924-ல் வைக்கம் போனவர். 1933 மே 11-ல் அவர் இறந்ததும் பெரியார் ‘குடி அரசு’வில் எழுதிய இரங்கலுரை எனக்கு இன்னும் பெரிய ஆச்சரியம். பெண் விடுதலை பற்றி ஊருக்குச் சொன்னதில் நூறில் ஒரு பங்கு கூடத் தன் மனைவி விஷயத்தில் நடந்துகொண்டதாகச் சொல்லிக்கொள்ளத் தனக்கு முழுத் தகுதியில்லை என்று, பத்திரிகையில், பெயர் போட்டு எழுதினார். இரங்கலில் வரவை மட்டும் எழுதுகிற நாட்டில் பற்றையும் எழுதினவர் அவர்.

அப்பா எதையும் எழுதுகிற ஆள் இல்லை. முதல் வருஷத் திதியன்று சாப்பிட்டு முடித்து எல்லோரும் வெற்றிலை போடும்போது, யாரும் கேட்காமலே, “அந்தப் படிப்புக்கு விட்டிருக்கலாம்” என்றார். அம்மாவைப் பற்றி அந்த வருஷம் முழுக்க யார் யாரோ சொன்னதில் எனக்கு உருப்படியாகப் பட்டது அது ஒன்றுதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தி இருந்திருப்பாள். அடுத்த திதிக்குக் கூடும்போது அவள் போட்ட சண்டைகளைச் சொல்லச் சொல்லுங்கள். என்ன கேட்டாள், கிடைத்ததா என்று விசாரியுங்கள். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.