அந்திக் காலத்தில் அயலூர் வாசம்

கோவளத்தில் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் என்று காலங்காலமாக நம்பப்படும் தர்காவில் ஸியாரத் முடித்து வெளியே வந்தபோது, நம்முடன் ஒரு பெரியவரும் நடந்து வந்தார். பரங்கிப்பேட்டையில் பிறந்து, நாற்பதாண்டுகள் இங்கிலாந்தில் உழைத்து, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்று, அறுபத்தாறு வயதில் ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியவர். நாம் அவரை 'நானா' என்றே அழைப்போம். மதரஸாவில் ஓதிய நாட்களில் அவர் வீட்டுத் திண்ணையில் உண்ட சோறு தந்த உரிமை அது.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மெக்சிகோவின் பசிபிக் கரையில் ஓர் ஊர், மலேசியா, இலங்கை, திருவிடந்தை என நான்கு கரைகளும், ஒவ்வொன்றின் எதிரே மாதச் செலவும் எழுதியிருந்தன.

"தம்பி, இந்த நான்கில் என் காசு எங்கே நீடிக்கும்? அதற்கு மார்க்கத்தில் ஏதும் தடை உண்டா? இரண்டையும் சொல்லும்" என்றார்.

முதற் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை, அவரிடமே இருந்தது. இங்கிலாந்து அரசின் ஓய்வூதியம் இந்தியாவுக்கோ மெக்சிகோவுக்கோ குடிபெயர்ந்தவர்க்கு ஆண்டுதோறும் உயர்வதில்லை. குடிபெயரும்போது பெற்ற தொகையிலேயே நின்றுவிடும். விலைவாசியோ நிற்பதில்லை. மலேசியா 2002 முதல் 'இரண்டாம் இல்லம்' என்னும் பெயரில் அயல்நாட்டவரை வரவேற்கிறது. ஆனால் அதன் நிபந்தனைகள் சிறுசேமிப்புக்காரரை வாயிலிலேயே நிறுத்திவிடும். இலங்கையும் ஐம்பத்தைந்தைக் கடந்தவர்க்கென ஒரு விசா வைத்தது; அதற்கும் வைப்புத் தொகை வேண்டும். நம் நாட்டில் ஓய்வுக்கென்றே தனி விசா கிடையாது. ஆயின் 2005இல் வந்த வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை நானாவிடம் இருந்தது. அதைக் கொண்டு காலவரையின்றித் தங்கலாம், வீடும் வாங்கலாம். வயலும் தோட்டமும் மட்டும் வாங்கவொண்ணாது. ஆகவே கணக்கு திருவிடந்தைப் பக்கமே சாய்ந்தது. பிறந்த ஊருக்கே போகலாமே என்றோம். பூர்வீக வீடு பாகப்பிரிவினையில் பிறர்க்குப் போய்விட்டது என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார்.

இரண்டாம் கேள்வியே நம்மை உறங்கவொட்டாமற் செய்தது.

மலிவான ஊரில் சென்று வாழ்வது குற்றமா? குற்றமென்று எந்தக் கிதாபும் கூறவில்லை. மதீனாவில் விலையேறியபோது, விலையை வரையறுத்துத் தாருங்கள் என்று மக்கள் வேண்டினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. வாங்குபவனும் விற்பவனும் மனமொப்பினால் வாணிபம் கூடும். மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெருவில் அறையெடுத்துக் குளிர்காலம் கழிக்கும் ஐரோப்பிய முதியவரை நாம் பழிக்கப் புறப்பட்டால், ரியாலையும் திர்ஹத்தையும் ஊருக்கு அனுப்பி மனைவிலையை உயர்த்திய நம் பிள்ளைகளை என்னென்பது? அந்த முதியவர் வாங்கும் தேநீரால் ஒரு கடைக்காரர் பிழைக்கிறார் என்பதும் மெய்யே.

ஆயினும், கூடும் என்பதற்கும் தகும் என்பதற்கும் இடையே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. நம் ஃபிக்ஹு நூல்களில் 'ஷுஃப்ஆ' என்றொரு பாடம் உண்டு. வீடு விற்கப்படும்போது அதே விலைக்கு அதனை வாங்கிக்கொள்ள முன்னுரிமை பெற்றோர் யாவர் என்பதே அதன் பொருள். ஷாஃபிஈ மத்ஹபில் அவ்வுரிமை கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே. ஹனஃபி மத்ஹபிலோ சுவரொட்டிய அண்டை வீட்டார்க்கும் உண்டு. (நானா ஷாஃபிஈ, நாம் ஹனஃபி. இவ்விஷயத்தில் எம் இமாமின் பக்கமே நியாயம் மிகுதி என்று சொல்லி அவரைச் சீண்டிப் பார்த்தோம்.) முன்பின் அறியாத ஒருவர் பணத்தோடு வந்து நுழைவதால் இருப்பவர்க்குத் தீங்கு நேரலாம் என்னும் எண்ணமே இச்சட்டத்தின் வேர். சென்னை உயர்நீதிமன்றம் 1870இல் இவ்வுரிமையை இம்மாகாணத்தில் ஏற்க மறுத்தது. விற்பவனின் சுதந்திரத்துக்கு அது தடை என்று கருதிற்று. இருதரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருப்பவரின் அச்சத்தை ஒரு சட்டமாகவே எழுதிவைத்த நம் முன்னோரை எளிதில் ஒதுக்கிவிட இயலவில்லை.

நானா தாளில் முதலிடம் பெற்ற மெக்சிகோவிலும் இந்த அச்சம் சட்டமாகியிருக்கிறது. அந்நாட்டின் 1917ஆம் ஆண்டு அரசியற் சாசனம், கடற்கரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் அயல்நாட்டவர் நேரடியாக நிலவுரிமை பெறுவதைத் தடுக்கிறது. பிற்காலத்தில் வங்கியின் பெயரில் நிலத்தை வைத்து, அதன் பயனை அயல்நாட்டவர் நுகரும் ஏற்பாடு வந்தது. முன்வாசலை அடைத்துவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்தாற்போல! இந்நாடும் இங்கு வாழாத அயல்நாட்டவர் நிலம் வாங்குவதைப் பெரும்பாலும் தடுக்கிறது. வாங்குவதைத்தான் இச்சட்டங்கள் தடுக்கின்றன; வாடகையைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. ஏழைக்கு நெருக்கடி வருவதோ வாடகை வழியாகத்தான்.

இக்கரை அயலவர்க்குப் புதியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆஸ்டெண்டு கம்பெனியார் கோவளத்தில் கொட்டகையிட்டனர். பின்னர் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1752இல் கிளைவ் அதனைக் கைப்பற்றினார். அவர்களுள் எவரேனும் பக்கத்துக் குப்பத்தில் நோயாளியை நலம் விசாரித்திருப்பரோ என்பது ஐயமே. ஆனால் இங்கு அடங்கியிருப்பதாகக் கூறப்படும் பெரியாரும் அயலூரார்தாம். அவர் பெயரிலுள்ள 'அன்சாரி' என்னும் சொல், நாடிழந்து வந்தோர்க்கு வீட்டிலும் தோட்டத்திலும் பங்கு தந்த மதீனத்து மக்களைக் குறிப்பது. அவ்வாறு வந்தோருள் ஒருவரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைக் கொடுக்க முன்வந்தார். அவர் அதனைப் பெறாமல், கடைத்தெருவுக்கு வழி கேட்டார் என்பது நம் பிள்ளைகளும் அறிந்த செய்தி. கொடுத்தவரின் பெருமையை மிம்பர்களில் பேசுகிறோம். வந்தவர் இருந்தவருக்குப் பாரமாக விரும்பவில்லை என்பதை அத்துணை பேசுவதில்லை.

முதுமையில் அயலூர் சென்று வாழ்வதற்கு அரபியில் ஒரு பழம்பெயரே உண்டு. மக்காவிலோ மதீனாவிலோ இறுதிக்காலத்தைக் கழிப்பதை 'முஜாவரத்' என்பர். அவ்வாறு வாழ்பவர் 'முஜாவிர்'. அண்டை வீட்டார் எனப் பொருள்படும் 'ஜார்' பிறந்த வேரிலிருந்தே இதுவும் பிறந்தது. வந்து தங்கியவர்க்கு அம்மொழி இட்ட பெயரே அண்டையார் என்பதுதான்! குவாரிஸத்தில் பிறந்த ஸமக்ஷரீ, மக்காவில் தங்கி 'கஷ்ஷாஃப்' என்னும் விரிவுரையை எழுதியதால் 'ஜாருல்லாஹ்' என்று அழைக்கப்பட்டார். எனினும் அவர் 1144இல் மறைந்தது பிறந்த நாட்டிற்குத் திரும்பிய பிறகே. புனித நகரிலும் நெடுநாள் தங்குவதைச் சில அறிஞர்கள் விரும்பவில்லை என்று இமாம் கஸ்ஸாலி எழுதுகிறார். பழகப் பழக மதிப்புக் குறைந்துவிடும் என்பது அவர்கள் அஞ்சிய காரணங்களுள் ஒன்று. ஹஜ் முடிந்ததும் மக்களை அவரவர் நாட்டுக்குச் செல்லுமாறு உமர் (ரலி) அவர்கள் ஏவியதையும் அவர் குறிக்கிறார். கஅபாவின் நிழலுக்கே இத்துணைத் தயக்கமென்றால், கடற்காற்றுக்கும் மலிவான மீனுக்கும் எவ்வளவு வேண்டும்?

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. தங்க வந்திருந்தோர்க்குத் திரும்பிச் செல்ல வேறோர் ஊர் இருந்தது. வலையும் படகும் இழந்தவர்க்கு அலை அடித்த கரையே ஊர். மறுபடி அதே கடலில்தான் இறங்கினார்கள்.

இவற்றையெல்லாம் நானாவிடம் ஒரே மூச்சில் கூறவில்லை. கூறியிருந்தால், "பயான் கேட்க வரவில்லை தம்பி" என்றிருப்பார். மனைவியை இழந்து, மக்கள் அயல்நாட்டிலேயே நிலைத்துவிட, பாங்கோசை கேட்கும் தூரத்தில் கண்மூட விரும்பும் மனிதர் அவர். அவ்விருப்பத்தை எவ்வாறு குறை கூறுவது? நமக்கும் அந்த வயது தொலைவில் இல்லை.

மறுவாரம் அவர் வாடகைக்குப் பார்த்து வைத்த வீட்டைக் காணச் சென்றோம். குப்பத்தை ஒட்டிய சிறு ஓட்டு வீடு. முன்னே இரு அறைகள், வேப்பமரம், மாடியேறினால் கடல். இங்கிலாந்தில் ஒரு வார வாடகைக்கு இங்கே இரண்டு மாதம் இருக்கலாம் என்று நானா மகிழ்ந்தார்.

"முன்பு இதில் யார் குடியிருந்தார்கள் நானா?" என்று கேட்டோம்.

"தெரியாது தம்பி."

"விசாரித்தீர்களா?"

விசாரிக்கவில்லை. அன்று மாலை முன்பணம் கொடுப்பதாக இருந்தவர் கொடுக்காமல் திரும்பினார். நான்கு நாள் கழித்து அவரே வந்தார். படகில் கூலிக்குப் போகும் ஒருவர், மனைவியும் மூன்று பிள்ளைகளுமாக ஆறாண்டு அங்கே இருந்தாராம். வாடகையை உயர்த்தப் போவதாகச் சொன்னதும் காலி செய்துவிட்டு, கேளம்பாக்கத்துக்கு அப்பால் எங்கோ குடிபோய்விட்டாராம். இப்போது நள்ளிரவு கடந்ததும் சைக்கிள் மிதித்துக் கடலுக்கு வருகிறாராம்.

"அந்த உயர்த்திய வாடகையைத்தான் தம்பி, நான் மலிவென்று சொன்னேன்" என்றார்.

முன்பணம் இன்னும் அவர் பையிலேயே இருக்கிறது. அந்தப் படகுக்காரரைப் பார்க்க வேண்டும், துணைக்கு வாரும் என்று கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள் என்று சொன்னார்கள். ஜும்ஆவுக்குப் பிறகு செல்வதாக இருக்கிறோம்.