வேலியும் வாயிலும்

ஒரு நிலத்தை அழியாமல் காப்பது அறமா, அதன் எழிலை மக்கள் கண்டு மகிழத் திறந்துவிடுவது அறமா என்று கேட்டால், இரண்டும் அறமே என்று நாம் தயங்காமல் கூறுவோம். ஆனால் அவ்விரு அறங்களும் ஒரே கரையில் எதிரெதிரே வந்து நிற்கும்போது எதற்கு எவ்வளவு இடமளிப்பது, அதனை யாரைக் கேட்டு முடிவு செய்வது என்னும் வினா எழுகின்றது. இதனை வெறும் நிர்வாக வினாவாகக் கருதி அதிகாரிகளிடம் விட்டுவிடுதல் எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. இது உரிமையையும் பொறுப்பையும் பற்றிய வினா. ஆகவே மார்க்கத்தின் ஒளியில் ஆராயத்தக்க வினா.

நமக்கு மிக அண்மையிலுள்ள மன்னார் வளைகுடாவையே எடுத்துக்கொள்வோம். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாக 21 தீவுகள் அங்கே அமைந்துள்ளன. அவற்றைச் சூழ்ந்து பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும் பரந்து கிடக்கின்றன. ஆவுளியா என நம் மீனவர்கள் அழைக்கும் கடற்பசு மேய்வது அப்புல்வெளிகளில்தான். 1986-ஆம் ஆண்டு இத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. இதன் எதிர்க்கரையில் வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என முஸ்லிம்கள் பலகாலமாக வாழ்ந்துவரும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. முத்தும் சங்கும் எடுத்த மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். எனவே இச்செய்தி நமக்கு அயலார் செய்தி அன்று.

இக்காப்பு தேவையா என்று ஐயுறுவார்க்கு ஒரு சான்று போதும். சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பவளப்பாறைகள் நெடுங்காலம் வெட்டி எடுக்கப்பட்டன. அலையைத் தடுத்து நின்ற அரண் அகன்றதும் மணல் அரிப்புண்டது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. கடல்நீர் சூடேறியதால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் எஞ்சிய பவளங்களும் வெளிறிப் பெருஞ்சேதம் அடைந்தன. இத்தகைய இடத்திற்கு வேலி வேண்டாம் என்று எவரும் வாதிடல் இயலாது.

ஆனால் வேலி எழுந்தபோது வெளியே நிறுத்தப்பட்டவர் யாவர்? கரையோரக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றிய பாறைகளில் மூழ்கி, மரிக்கொழுந்து, கட்டைக்கோரை முதலிய பாசிகளைப் பறித்து விற்று வயிறு வளர்த்தவர்கள். தடை கடுமையானபோது அவர்களுடைய படகுகள் தடுக்கப்பட்டன, தொழிலே குற்றமாயிற்று. மறுபுறம் அண்மை ஆண்டுகளில் இதே காப்பகத்தில் சூழல் சுற்றுலா தொடங்கிற்று. குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கும், ஏர்வாடிக்கு அருகிலுள்ள பிச்சைமூப்பன்வலசையிலிருந்து கடல் நடுவிலுள்ள மணல்திட்டுக்கும் கட்டணம் செலுத்தியவர்களைப் படகில் அழைத்துச் செல்லும் ஏற்பாடுகள் வந்தன.

காட்சி காணச் செல்வது தவறு என்பது நம் கருத்தன்று. பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைச் சிந்திக்குமாறு திருமறை நம்மை அழைக்கின்றது. நகரத்துச் சிறு வீடுகளில் அடைந்து கிடக்கும் பிள்ளைகள் கடலைக் காண்பதும், பவளத்தையும் மீனையும் கண்டு படைத்தவனை நினைப்பதும் நன்று. பார்க்காத ஒன்றின்மீது பற்று வைப்பது மக்களுக்கு அரிது. ஒரு கரையைக் காப்பதற்கு நாளை குரல் கொடுப்பவர்கள் இன்று அதனைக் கண்டு வியந்தவர்களாகவே இருப்பர். ஆகவே வாயில் திறக்கப்பட வேண்டும் என்பதிலும் நமக்குத் தடையில்லை. அவ்வாயில் யாருக்கு முதலில் திறக்கிறது, யாருக்கு மூடியே கிடக்கிறது என்பதையே நாம் நோக்க வேண்டும்.

இஸ்லாமிய வரலாறு இத்துறையில் நமக்கு ஒரு தெளிவான சொல்லைத் தந்திருக்கின்றது. அது ‘ஹிமா’ என்பது. காக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்திற்கு அரபியர் இட்ட பெயர் அது. இஸ்லாத்திற்கு முன்னர், வலிமைமிக்க தலைவன் உயரமான ஓரிடத்தில் தன் நாயைக் குரைக்கச் செய்து, அக்குரல் எட்டிய தூரம் முழுவதையும் தனக்கென வளைத்துக்கொள்வான் என்று அறிஞர்கள் கூறுவர். அவன் தன் நிலத்தில் மேய்த்தபின் பிறர் நிலத்திலும் மேய்ப்பான். அவனுடைய நிலத்தில் பிறர் மேய்க்கலாகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இத்தனிமனித ஆதிக்கத்தை நீக்கினார்கள். அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் உரியதாகவன்றி, அதாவது பொதுநலனுக்காகவன்றி, ஹிமா என ஒன்று இருத்தலாகாது என்று வரையறுத்தார்கள். நாயின் குரல் எல்லை வகுத்த காலம் போய், நீதி எல்லை வகுக்கும் காலம் வந்தது.

அந்நீதி நடைமுறையில் எவ்வாறு இருந்தது என்பதை கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காட்டினார்கள். ரபதா என்னும் இடத்தில் ஒரு ஹிமா இருந்தது. அதன் காவலுக்கு ஹுனை என்பவரை நியமித்தபோது அவர்கள் கூறிய அறிவுரையை இமாம் மாலிக், இமாம் புகாரி இருவருடைய தொகுப்புகளிலும் காணலாம். ஒடுக்கப்பட்டவனின் முறையீட்டுக்கு அஞ்சுமாறு முதலில் எச்சரித்தார்கள். சிறு மந்தைகளை உடையவர்களை உள்ளே விடுமாறும், செல்வர்களான உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விலக்குமாறும் பணித்தார்கள். அவர்கள் இருவரும் நபித்தோழர்களில் மிக உயர்ந்தவர்கள் என்பதை நாம் அறிவோம். ஆயினும் காரணத்தை உமர் (ரலி) அவர்களே விளக்கினார்கள். செல்வரின் கால்நடை மடிந்தால் அவருக்குப் பேரீச்சந் தோப்பும் வயலும் இருக்கின்றன. ஏழையின் கால்நடை மடிந்தால் அவன் பிள்ளைகளோடு வந்து ஆட்சியின் வாசலில் நிற்பான். புல்லையும் நீரையும் கொடுப்பது பொன்னையும் வெள்ளியையும் கொடுப்பதைவிட எளிதன்றோ?

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது இரக்கம் மட்டுமன்று, வரிசை. உமர் (ரலி) அவர்கள் வேலியை அகற்றவில்லை. எல்லாரையும் ஒருசேர உள்ளே விடவுமில்லை. வேறு வழியுள்ளவரை முதலில் விலக்கினார்கள். வேறு வழியற்றவரை முதலில் அனுமதித்தார்கள். மன்னார் வளைகுடாவில் இவ்வரிசை தலைகீழாகிவிட்டது என்பதே நம் வருத்தம். பாசி பறித்து உண்பவளுக்கு வேறு வழியில்லை. விடுமுறையைக் கழிக்க வருபவருக்கு வேறு கரைகள் பல உண்டு. முன்னவளைக் காப்பின் பெயரால் நிறுத்திவிட்டுப் பின்னவரைக் களிப்பின் பெயரால் அழைத்துச் செல்வது, அவர் கட்டணம் செலுத்தினாலும், நேர்மையாகாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஏழை என்பதனாலேயே ஒருவன் இயற்கைக்குத் தீங்கு செய்யமாட்டான் என்று கூறிவிட முடியுமா? பவளத்தை வெட்டிய கைகளும் கரையோர மக்களின் கைகள்தாமே? இம்மறுப்பில் உண்மை இருக்கின்றது. அதனை நாம் மறைக்கலாகாது. வெட்டிய கை அவர்களுடையதாயினும் வாங்கிய பணம் பிறருடையது என்பதும் உண்மை. ஆயினும் தேவை என்பது எல்லையற்ற உரிமை ஆகிவிடாது. ஹிமாவில் நுழைந்த சிறு மந்தையும் அளவோடுதான் மேய வேண்டும்.

அவ்வளவை வகுக்கும் ஆற்றல் அம்மக்களுக்கு உண்டா என்பதே மெய்யான கேள்வி. பாசி எடுக்கும் பெண்கள் அதற்கு விடையளித்துவிட்டனர். தங்களுக்குள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பதென்றும், பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளைத் தவிர்ப்பதென்றும் அவர்கள் தாங்களே கட்டுப்பாடு செய்துகொண்டனர். அவர்களை வழிநடத்திய பாம்பன் அருகிலுள்ள சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி அம்மையாருக்கு 2015-ஆம் ஆண்டு சீக்காலஜி என்னும் பன்னாட்டுத் தீவுக் காப்பு அமைப்பின் பரிசு கிடைத்தது. பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்காத பெண்கள், கடலின் பருவத்தையும் பாசியின் வளர்ச்சியையும் அறிந்து வகுத்த ஒழுங்கு அது. இத்தகையோரைக் கேளாமல் தீட்டப்படும் திட்டம் அறிவிலும் குறைபட்டதாகவே இருக்கும்.

எனவே கலந்தாலோசனை என்பது இரக்கத்தால் இடும் பிச்சையன்று. முடிவின் தரத்தையே உயர்த்துவது. திருமறையில் ஓர் அத்தியாயமே ‘ஷூரா’ என்னும் பெயர் தாங்கி நிற்கின்றது. உஹதுப் போருக்கு முன்னர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களைக் கலந்தார்கள். மதீனாவுக்குள்ளிருந்தே எதிர்கொள்வது அவர்களின் விருப்பமாயிருந்தும், வெளியே செல்ல வேண்டும் என்ற பலருடைய கருத்தை ஏற்றார்கள். போரில் பெருந்துன்பம் நேர்ந்தது. அதன் பின்னர் இறங்கிய வசனம், தோழர்களை மன்னிக்குமாறும் அவர்களோடு கலந்தாலோசிக்குமாறும் மீண்டும் பணித்தது. ஒருமுறை விளைவு கசந்தது என்பதற்காகக் கேட்கும் கடமை நீங்கிவிடவில்லை.

இன்று நடைபெறும் ஆலோசனைகள் இவ்வளவுகோலில் எங்கே நிற்கின்றன? திட்டம் முடிந்து, வரைபடம் அச்சாகி, நிதியும் ஒதுக்கப்பட்டபின் மக்களை அழைத்துக் கருத்துக் கேட்பது கேட்பதாகாது, அறிவிப்பதாகும். கடலுக்குச் செல்லும் நேரத்தில் மாவட்டத் தலைநகரில் கூட்டம் வைப்பதும், மீனவர் அறியாத சொற்களில் அறிக்கை தருவதும், ஆண்களை மட்டும் அழைத்துவிட்டு ஊரையே கேட்டதாக எழுதிக்கொள்வதும் மஷூரா ஆகா. கேட்டபின் முடிவு மாறக்கூடும் என்ற நிலை இருந்தால்தான் அது ஆலோசனை. எக்கருத்து ஏற்கப்பட்டது, எது ஏன் மறுக்கப்பட்டது என்று மக்களிடமே திரும்பிவந்து கூறினால்தான் அது முழுமை பெறும்.

இவ்வெச்சரிக்கை இப்போது மேலும் தேவைப்படுகின்றது. 1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை கிராமப்புறக் கரைகளில் 200 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தடுத்தது. 2019-இல் வந்த அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமப்புறங்களில் அத்தூரத்தை 50 மீட்டராகக் குறைக்க வழி செய்தது. கடற்கரைகளில் தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கும் இடமளித்தது. வேலி தளரும் திசை சுற்றுலாவின் திசையாக இருப்பதை நாம் காண்கிறோம்.

கரைக்கு உரிமையாளர் அரசுதானே என்று சிலர் கேட்பர். 1996-ஆம் ஆண்டு நம் நாட்டு உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவான விடை தந்தது. பியாஸ் ஆற்றங்கரையின் வனநிலம் ஓர் உல்லாச விடுதிக்குக் கொடுக்கப்பட்ட வழக்கில், ஆறு, கடற்கரை, காடு போன்ற இயற்கைச் செல்வங்களுக்கு அரசு அறங்காவலரேயன்றித் தன் விருப்பம்போல் வழங்கும் உடைமையாளர் அன்று என்று அது தீர்ப்பளித்தது. இக்கருத்து நமக்குப் புதியதன்று. இதனையே நாம் அமானத் என்கிறோம். அமானத்தை வைத்திருப்பவர் அதனைக் கெடாமல் காக்க வேண்டும். உரியவரைக் கேளாமல் பிறருக்குக் கொடுத்தலும் ஆகாது. உரியவர் யாவர்? இன்று அக்கரையில் வாழ்வோர், நாளை பிறப்போர், பேச வாயற்ற உயிரினங்கள் ஆகிய மூவரும் ஆவர்.

இவர்கள் எல்லாருக்கும் இடமளிக்கும் திட்டம் இயலாத கனவன்று. இதே இராமநாதபுரம் மாவட்டத்தில், பாக் நீரிணைக் கரையிலுள்ள காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் இணைந்து சதுப்புநிலக் காட்டைப் பார்வையாளர்களுக்குக் காட்டிவருகின்றனர். படகோட்டுவோர் அவ்வூர் மீனவர்கள். அந்நெறியை விரித்தால் என்ன? ஒரு நாளில் எத்தனை பேர் வரலாம் என்பதை ஊராரும் அறிவியலாரும் கூடி வகுக்கட்டும். கடல்நீர் சூடேறிப் பவளம் வாடும் கோடைத் திங்களில் வாயில் மூடப்படட்டும். பாசி எடுக்கும் 12 நாளைக் காப்புத் திட்டத்திலேயே எழுதி, அந்நாட்களில் சுற்றுலாப் படகுகள் விலகியிருக்கட்டும். கட்டணத்தின் ஒரு பங்கு ஊருக்கு வருவதும், அதன் கணக்கு கிராம சபையில் வாசிக்கப்படுவதும் சட்டமாகட்டும்.

அரசுக்கு மட்டும் கடமை கூறிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது. விடுமுறையிலும், ஏர்வாடி போன்ற ஊர்களுக்குச் செல்லும்போதும் குடும்பத்தோடு கரைக்குப் போகிறவர்கள் நாமும்தான். பாதையிலுள்ள இடையூற்றை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்றவர்கள், கடலாமை முட்டையிட வரும் மணலில் நெகிழிப் பையை விட்டு வருதல் எவ்வாறு பொருந்தும்? கரையோர ஜமாஅத்துகளும் இதில் முன்நிற்கலாம். திட்டம் வருகிறது என்றறிந்தவுடன் ஊர்ப் பெண்களையும் சேர்த்துக் கூட்டி, அதன் பொருளை எளிய தமிழில் விளக்கி, அவர்கள் கூறுவதைக் கிராம சபையில் பதியச் செய்வதும் ஒரு நற்செயலே.

ஒரே கப்பலில் மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் பயணம் செய்த மக்களைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் உவமை கூறினார்கள். கீழ்த்தளத்தார் தண்ணீருக்காக மேலே ஏறிவர வேண்டியிருந்தது. மேலே இருப்போருக்குத் தொல்லை தராமல் தம் பகுதியிலேயே துளையிட்டுக்கொள்ளலாமே என்று அவர்கள் எண்ணினர். மேலுள்ளோர் தடுத்தால் எல்லாரும் பிழைப்பர். தடாவிடின் எல்லாரும் அழிவர். துளையிடுவோரைத் தடுப்பது கடமை என்பதை இவ்வுவமையிலிருந்து நாம் எளிதாகக் கற்றுக்கொள்கிறோம். அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதும் அதே உவமையில்தான் இருக்கின்றது. கரையைக் காக்கும் திட்டம் எதுவாயினும் அத்தண்ணீருக்கும் வழி சொல்ல வேண்டும். அவ்வழியை அவர்களையே கேட்டு வகுக்கும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.