போதும் என்னும் அளவு

சைபீரியாவிலுள்ள பைக்கால் ஏரி உலகிலேயே மிக ஆழமானது. சில இடங்களில் அதன் ஆழம் 1,600 மீட்டருக்கும் அதிகம். சனவரியில் உறையும் அவ்வேரி மே மாதம் வரை பனிக்கட்டியால் மூடப்பட்டிருக்கும். அக்காலத்தில் கரையோர மக்கள் பனிக்கட்டியில் துளையிட்டு, கூனி போன்ற சிறு நீருயிர்களை இரையாகத் தூவி, தூண்டிலை இறக்கிக் காத்திருப்பர். அவர்கள் தேடுவது 'ஓமுல்' என்னும் மீன். பைக்காலைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. தலைமுறை தலைமுறையாக அதுவே அம்மக்களின் உணவு; ஏழைக்கு அதுவே வருமானம்.

அந்த மீன்வளம் குன்றியது. 1969இல் ஒருமுறை தடை வந்தது. மீண்டும் வளம் குறையவே, 2017 அக்டோபரில் உருசிய அரசு வணிக நோக்கில் ஓமுல் பிடிப்பதைத் தடை செய்தது. ஆயினும் குளிர்காலத்தில் பனித்துளையில் தூண்டிலிடுவதற்கு இடம் விடப்பட்டது.

இங்கேதான் நம் சிந்தனைக்குரிய கேள்வி எழுகிறது. வெண்பனிப் பரப்பில் தனியே அமர்ந்திருக்கும் மனிதன் எத்தனை மீன் பிடித்தான் என்று யார் எண்ணுவது? துளைக்கு ஒரு காவலரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. அவன் ஏழையாகவும் இருந்தால், பிறவாத தலைமுறைக்காகத் தன் பிள்ளைகளின் உணவைக் குறைத்துக்கொள் என்று அவனிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை?

கடுந்தேவையில் இருப்பவன் உயிர்காக்கப் பிறர் பொருளை எடுத்தாலும் அது திருட்டாகாது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். மண்ணுலகின் நலன்கள் அனைவருக்காகவும் படைக்கப்பட்டவை என்பதே அதன் அடிப்படை. எனவே பசித்தவனின் தூண்டிலை நாம் குறைகூற இயலாது. ஆனால் அதே அடிப்படை அவனுக்கு ஓர் எல்லையையும் வகுக்கிறது. 'அனைவரும்' என்னும் சொல்லில் நாளை பிறப்போரும் அடங்குவர். மேலும், தேவை தந்த உரிமை தேவை தீர்ந்ததும் முடிந்துவிடுகிறது. பாலைநிலத்தில் இஸ்ரயேலர் அன்றன்றைக்கு வேண்டிய மன்னாவையே சேர்க்கப் பணிக்கப்பட்டனர்; மறுநாளுக்கென வைத்தது புழுத்துப்போனது. பசிக்கு அளவு உண்டு, பேராசைக்கு அளவில்லை. முதல் சில மீன்கள் வீட்டுக்கு என்றால், அதற்குமேல் பிடிப்பவை யாருக்கு? இதை அறிபவன் தூண்டில்காரன் ஒருவனே. அவனுடைய மனச்சான்றின் வழியாக இறைவனும் கேட்கிறார்.

எனினும் தன்னடக்கத்தை ஏழையிடம் மட்டும் கேட்பது நீதியன்று. நம் கிழக்குக் கரையிலும் 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் நிற்கின்றன. மீன் இனம் பெருகுவதால் நன்மை அடைவோர் அனைவரும் நாம். அடுப்பு அணைவதோ கரையோரக் குடும்பங்களில். அந்த நாள்களில் அவர்களின் சுமையில் பங்குகொள்ளாமல், படைப்பைக் காக்க வேண்டும் என்று மேடையில் பேசுவது மலிவான அறம். நிவாரணம் அரசின் கடமை என்று நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. ஒரே பலிபீடத்தின் முன் அவர்களோடு நிற்பவர்கள் நாம்.

காவலரில்லாத துளைகள் நம் ஒவ்வொருவரின் வாழ்விலும் உண்டு. கடையில், அலுவலகத்தில், பங்கின் கணக்கேட்டில், நம் சாப்பாட்டு மேசையில்கூட, யாரும் எண்ணாத இடத்தில் நாம் எவ்வளவு எடுக்கிறோம்? இன்றிரவு மன்றாடுமுன் அதை எண்ணிப் பார்ப்போம்.