பூட்டின்மேல் ஒரு பூட்டு

வல்லக்கோட்டை என்றால் முன்பெல்லாம் முருகன் கோயில்தான் நினைவுக்கு வரும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010இல் ஒரகடத்திலும் கார் உற்பத்தி தொடங்கிய பின்னர், அவ்வட்டாரமெங்கும் வரிசை வரிசையாக வாடகை அறைகள் எழுந்துவிட்டன. வெளியூர் இளைஞர்களின் வாடகையை நம்பிக் குடும்பம் நடத்துவோரில் நம்மவர்களும் உண்டு.

அத்தகைய அறையொன்றின் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கக் கண்டேன். ஒன்று குடியிருப்பவனுடையது; மற்றொன்று வீட்டுக்காரருடையது. இரவு வேலை முடித்து வந்த பையன் வாசலில் நின்றிருந்தான். ஒப்பந்தக்காரர் கூலி தராததால் மூன்று மாத வாடகை நின்றுவிட்டது. அவனுடைய சான்றிதழ்களும் துணிமணிகளும் உள்ளே இருந்தன. வீட்டுக்காரர் தொழுகை தவறாத நல்ல மனிதர். "என் வீடு, என் கதவு, நான் பூட்டக்கூடாதா?" என்று என்னைக் கேட்டார். நான் உடனே மறுமொழி கூறவில்லை. வாடகைக்கு விட்ட என் கீழ்வீட்டின் மாற்றுச் சாவி என் பீரோவிலும் கிடந்தது.

சுவர் அவருடையதுதான். ஆனால் வாடகை பேசியபோது அவர் விற்றது எதனை? இமாம் நவவி அவர்கள் (மறைவு 1277) தம் 'மின்ஹாஜ்' நூலில், வீட்டின் சாவியை வாடகைக்கு எடுத்தவரிடம் ஒப்படைப்பது கடமை என்று விதிக்கிறார்கள். வாடகை என்பது பயனை விற்பது. சாவி கைமாறாமல் பயன் கைமாறாது. ஆகவே பூட்டு மாட்டியவர், விற்ற பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு விலையையும் கேட்கிறார். பூட்டிய நாட்களுக்கு வாடகை கேட்க அவருக்கு வாயேது? உள்ளே கிடக்கும் பொருள்களையும் அவன் அடைமானம் வைக்கவில்லையே! கடன் கடன்தான், அதற்காக எடுத்ததெல்லாம் ஈடாகிவிடாது.

பிறர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் உரைத்து நுழையுமாறும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுமாறும் அந்நூர் அத்தியாயம் பணிக்கிறது. அங்கே வீடு என்பது பத்திரத்தையன்று, குடியிருப்போரின் மறைவையே குறிக்கிறது என்பது என் எண்ணம்.

நாட்டுச் சட்டமும் இதற்கு மாறாக இல்லை. 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, உள்ளே நுழைய வீட்டுக்காரர் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி ஆறு மாதங்களுக்குள் வழக்கிட்டு உடைமையை மீட்கலாம். அங்கே வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கே இடமில்லை.

இரண்டு அறைகளின் வாடகையில் உலை வைக்கும் விதவைக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரண்டு மாத வாடகை நின்றாலே வெளியேற்றக் கோரி வாடகை நீதிமன்றம் செல்லலாம்தான். நாளாகும் என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும் கூலியை நிறுத்தியவர் ஒருவர், கதவடைபட்டு நிற்பவன் வேறொருவன் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நெடுநேரம் பேசினோம். நிலுவையை இரு தவணையாகத் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு, அஸருக்கு முன்பே அவர் தம் பூட்டை எடுத்துவிட்டார்.

வீடு திரும்பியதும் பீரோவிலிருந்த சாவியை எடுத்துச் சென்று கீழ்வீட்டு அம்மையாரிடம் நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பழைய பூட்டுச் சாவி, பாய். வந்த மாதமே நாங்கள் பூட்டை மாற்றிவிட்டோம்" என்றார்.