கடமைக்கு மானியமா?

கொழும்பு வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் எழும்புகிற அடுக்குமாடிகளைச் சற்று நின்று பார்த்தால் ஒன்று கண்ணில் படும். பச்சை வலைக்குப் பின்னால் சாரத்தில் நின்று பூச்சு வேலை செய்கிறவரின் இடுப்பில் பாதுகாப்புப் பட்டி இருக்கும். ஆனால் அதன் கொளுக்கி சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். மாட்டுவதற்கு உறுதியான கம்பி அங்கே கட்டப்பட்டிருக்காது, அல்லது எங்கே, எப்படி மாட்டுவது என்று அவருக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். கம்பி இல்லாதது செலவைப் பற்றிய விஷயம், சொல்லிக் கொடுக்காதது பயிற்சியைப் பற்றியது. இந்த இரண்டு குறைகளையும் தீர்க்க அரசாங்கம் தொழில்தருநருக்கு மானியமோ வரிச் சலுகையோ கொடுப்பது நியாயமா?

இல்லை என்று சொல்ல வலுவான காரணம் உண்டு. ஒருவரைக் கூலிக்கு அமர்த்துகிறவர் அவருடைய கைகாலுக்கு ஊறு வராமல் பார்த்துக்கொள்வது பெருந்தன்மை அல்ல, கடன். இலங்கைச் சட்டமும் அதை அப்படித்தான் வைத்திருக்கிறது. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டினது. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டினது. சுழலும் இயந்திரத்துக்குக் காப்பு போட வேண்டும் என்பது சுதந்திரத்துக்கும் முந்திய விதி. எண்பது வருடமாகச் செலுத்தாமல் இழுத்தடித்த கடனை, இப்போது பொதுப்பணத்தில் தீர்த்துவைப்பதா?

அந்தப் பொதுப்பணம் யாருடையது என்பதையும் கேட்க வேண்டும். 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதன் பிறகு வந்த வரிச்சுமையில் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். சாரத்தில் நிற்கிறவர் சவர்க்காரம் வாங்கும்போதும் தொலைபேசிக்குப் பணம் போடும்போதும் அதைக் கட்டுகிறார். அந்த வரியிலிருந்து கொந்தராத்துக்காரருக்கு மானியம் போனால், தொழிலாளி தன் இடுப்புப் பட்டியைத் தானே வாங்கிக்கொண்டார் என்றுதான் பொருள். இன்னொரு அநீதியும் இதில் ஒளிந்திருக்கிறது. சட்டம் சொன்னபடி தன் காசைப் போட்டு எல்லாம் செய்துவைத்த கொந்தராத்துக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது. செய்யாமல் இருந்து, அந்த மிச்சத்தில் விலையைக் குறைத்துக் கேள்விப்பத்திரம் போட்டு வேலையைத் தட்டிக்கொண்டு போனவருக்கே உதவி கிடைக்கும்.

இத்தோடு முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் கொட்டாஞ்சேனையிலிருந்து செட்டியார் தெருவுக்குள் நுழைந்து, நகைக்கடைகளுக்கு மேலும் பின்னாலும் இருக்கிற பட்டறைகளைப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு அவ்வளவு உறுதியாக நிற்காது. ஒரு சிறு அறை, இரண்டு மூன்று பத்தர்கள், ஒரு பையன். பழைய பொன்னைச் சுத்தம் செய்ய நைத்திரிக் அமிலத்தில் போடும்போது செம்மண்ணிறத்தில் புகை எழும். அந்தப் புகையின் கொடுமை, உடனே கொல்லாமல் காலம் தாழ்த்தி வருவது. மூச்சில் போனவருக்குச் சற்று இருமல் வரும், பிறகு சரியாகிவிட்டது போல இருக்கும். பல மணி நேரம் கழித்து, வீட்டில் படுத்திருக்கும்போது நுரையீரலில் நீர் கட்டத் தொடங்கும். பற்றாசு பிடிக்கிற வேலையிலும் நஞ்சு உண்டு. கேடிஎம் என்று ஒரு காலத்தில் நகைக்கடைகள் பெருமையாக விளம்பரம் செய்தது கட்மியம் கலந்த பற்றாசைத்தான். கட்மியம் சூட்டில் ஆவியாகிப் போய்விடுவதால் பொன்னின் மாற்று குறையாது. வாங்குகிறவருக்கு அது லாபம். ஆவியான கட்மியமோ ஊதுகுழல் பிடித்தவரின் சுவாசப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும்.

இந்தப் பட்டறையின் முதலாளி யார்? பெரும்பாலும் அவரும் ஒரு பத்தர்தான், அதே புகையை அதே அறையில் சுவாசிக்கிறவர். புகையை இழுத்து வெளியேற்றும் கூண்டும் விசிறியும் வைக்க அவருக்கு மனம் இல்லாமல் இல்லை. வாடகை அறையின் சுவரை உடைக்க உரிமையில்லை, கையில் முதல் இல்லை, எந்த விசிறி போதும் என்று சொல்ல ஆளும் இல்லை. சட்டத்தை மட்டும் காட்டினால் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அதே வேலையைச் செய்வார். கடமை அவருடையதுதான் என்று நாம் தர்க்கம் பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில் அந்தப் பையன் புகையை இழுத்துக்கொண்டிருப்பான். காசு யாருடையது என்பது நுரையீரலுக்குத் தெரியாது. உதவிக்காக வாதிடுகிறவர்களின் மிகவும் நேர்மையான வாதம் இது. இதை அலட்சியமாக ஒதுக்க முடியாது.

ஆகவே கொடுப்பதா கூடாதா என்பதைவிட, எதற்குக் கொடுப்பது, எந்த வடிவில் கொடுப்பது என்று கேட்பதே பொருத்தம். விசிறி, வலை, பட்டி, இயந்திரக் காப்பு எல்லாம் தொழிலின் செலவு. அவற்றுக்கு இனாமாகப் பணம் கொடுப்பது தவறு. சிறு பட்டறைக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கலாம், அது திரும்பி வரும். கடமையும் உரியவர் தலையிலேயே இருக்கும். பயிற்சி வேறு வகை. கற்ற கையை முதலாளி பிடித்து வைக்க முடியாது. இன்று சாரம் கட்டப் பழகியவர் நாளை கட்டாருக்குப் போவார். அதனாலேயே முதலாளிமார் பயிற்சிக்குச் செலவழிக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் பேராசை என்று திட்டுவதில் நியாயமில்லை. போகிறவரோடு போய் நாடு முழுவதற்கும் பயன்படுகிற அறிவுக்குப் பொதுப்பணம் செலவாவது முறைதான். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகமும், பயிலுநர்களைச் சேர்க்கும் அரச அமைப்பான நைட்டாவும் அதற்கென்றே இருக்கின்றன. அந்தப் பயிற்சி தமிழிலும் தாராளமாகக் கிடைக்க வேண்டும். அட்டனிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து சாரம் ஏறுகிறவர்களுக்குச் சிங்களத்தில் மட்டும் எழுதிய எச்சரிக்கைப் பலகை வெறும் பலகைதான்.

மலேசியாவும் சிங்கப்பூரும் இதைச் சற்றுக் கெட்டித்தனமாகச் செய்தன. சிங்கப்பூரில் 1979 முதல் முதலாளிகளிடமே பயிற்சி வரி வாங்கப்படுகிறது. மலேசியாவில் அது சம்பளத்தின் ஒரு வீதம். பயிற்சி கொடுக்கிறவர் அந்த நிதியிலிருந்து பெற்றுக்கொள்ளலாம், கொடுக்காதவரின் காசு மற்றவருக்கு உதவும். ஜெர்மனியில் 1884இலேயே வந்த விபத்துக் காப்புறுதியில் ஆபத்து அதிகமான தொழில் அதிகம் கட்டுகிறது. இலங்கையில் அப்படி ஒரு பொது நிதி இல்லை. 2022இல் வேலையாட்கள் நட்டஈட்டின் உச்சவரம்பை ஐந்தரை இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். நல்லதுதான், ஆனால் அது விழுந்த பிறகு வருகிற காசு.

உதவி எந்த வழியில் வந்தாலும் ஒரு நிபந்தனை தவிர்க்க முடியாதது. வேலை ஒழுங்காக நடந்தது என்று கையெழுத்து வைக்கிறவர்களில் தொழிலாளியும் ஒருவராக இருக்க வேண்டும். இப்போது ஹெவ்லொக் சிட்டி அடுக்குமாடித் தொகுதி நிற்கிற நிலத்தில் முன்பு வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இருந்தது. 1933இல் கூலி வெட்டை எதிர்த்து அங்கே நடந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய அத்தியாயம். இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம் நின்றார். மலையாளிகள் பெருவாரியாக இருந்த அந்த ஆலையில் பேசுவதற்கு ஒரு சங்கம் இருந்தது. அதே நிலத்தைச் சுற்றி இன்று சப் கொந்தராத்தில், பாஸ் எனப்படும் மேஸ்திரியின் கீழ், வேலை முடிந்ததும் கலைந்துபோகிற குழுக்களுக்கு அது கிடையாது. சங்கம் இல்லாத இடத்தில் மானியத்துக்கான படிவத்தை முதலாளியும் அதிகாரியும் மட்டுமே நிரப்புவார்கள். அந்தப் படிவங்கள் எப்படி நிரம்பும் என்பது இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அரசாங்கம் தன் கடமையை மானியத்தின் பின்னால் மறைத்துவிடவும் இடமுண்டு. 2017 மே மாதம் வெள்ளவத்தை சவோய் திரையரங்குக்குக் கிட்டக் கட்டிக்கொண்டிருந்த மாடிக் கட்டடம் சரிந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. கட்டடமே சரிகிறபோது இடுப்புப் பட்டியால் பயனில்லை. வரைபடத்தைப் பரிசோதிப்பதும், கட்டும்போது வந்து பார்ப்பதும் பொது அதிகாரிகளின் வேலை. 2021 கடைசியில் எரிவாயுச் சிலிண்டர்கள் நாடெங்கும் வெடித்தபோது கொத்து ரொட்டித் தட்டின் முன் நின்ற சமையற்காரரோ கடைக்காரரோ என்ன செய்திருக்க முடியும்? சிலிண்டருக்குள் இருக்கிற வாயுக் கலவை சரியானதா என்று சோதிக்க அவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. பரிசோதகர்களையும் ஆய்வுகூடங்களையும் நடத்தச் செலவிடும் ரூபாய்க்கு எந்த அறச்சிக்கலும் கிடையாது. கையில் இருப்பது சொற்பம் என்றால் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

இவ்வளவும் முதலாளி என்று ஒருவர் இருக்கிற இடங்களுக்கே பொருந்தும். கொட்டாஞ்சேனைக்கும் புறக்கோட்டைக்கும் இடையில் வெங்காய மூட்டையும் அரிசி மூட்டையும் சுமக்கிற நாட்டாமிகளுக்குச் சம்பளப் பட்டியல் கிடையாது. எத்தனை மூட்டை இறக்கினார்களோ அத்தனைக்குக் காசு. ஊழியர் சேமலாப நிதியில் அவர்கள் பெயர் இராது, முதுகு பிடித்துக்கொண்டால் நட்டஈடு கேட்கப் போவதற்கு ஒரு கடையும் இராது. தொழில்தருநர் வழியாக எவ்வளவு தாராளமான திட்டம் போட்டாலும் அது இவர்களைத் தொடாது. அதே தெருக்களில் உள்ள மொத்த வியாபாரிகள் அனைவரிடமும் ஒரு சிறு தொகை வாங்கி, சுமைவண்டிக்கும் காப்புறுதிக்கும் வைத்தியச் செலவுக்கும் பொது நிதி வைப்பது கஷ்டமான காரியமல்ல. ஒவ்வொரு மூட்டையும் ஏதோ ஒரு கடையின் கணக்குப் புத்தகத்தில் பதிவாகித்தான் இறங்குகிறது.