காத்திருத்தலும் சலிப்பும்

என் தமக்கையின் மகன் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவன். 2025ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஒருநாள் மஃரிபுக்குப் பின் என்னிடம் வந்து அமர்ந்து, “மாமா, ஒரு மஸ்அலா கேட்கிறேன். ஒருவர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போகிறார். மூன்று வருஷம் கழித்து வந்து மீதியைச் சொல்கிறார். இந்த இடைக்காலத்துக்கு அவர் நமக்குக் கடன்பட்டவரா, இல்லையா?” என்றான்.

நஹ்வும் ஸர்ஃபும் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட என்னிடம் இத்தகைய வினா வருவது அரிது. என்ன கதை என்று கேட்டேன். ‘செவரன்ஸ்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடராம். ஒரு நிறுவனத்தின் பணியாளர் சிலர் மூளையில் அறுவை செய்துகொள்கிறார்கள். அலுவலகத்தினுள் இருக்கையில் அவர்களுக்கு வெளியுலக நினைவு இராது. வெளியே வந்தால் உள்ளே நடந்தது ஒன்றும் தெரியாது. ஓர் உடலில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு மனிதர்கள்! இளைஞர்கள் சீசன் என்று வழங்கும் முதற்பருவம் 2022 பிப்ரவரி 18 முதல் ஏப்ரல் 8 வரை ஒன்பது பகுதிகளாக வெளிவந்தது. இறந்துபோனாள் என்று நம்பிய மனைவி உயிரோடிருக்கிறாள் என்றறிந்து கதைத்தலைவன் கூவுகிறான். அத்துடன் திரை விழுந்துவிட்டது. இரண்டாம் பருவம் தொடங்கியதோ 2025 ஜனவரி 17ஆம் நாள். இரண்டு ஆண்டும் ஒன்பது திங்களும் அந்தக் கூவல் அந்தரத்திலேயே நின்றிருக்கிறது.

அவனோடு அமர்ந்து இரண்டு பருவங்களையும் நானும் பார்த்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது? நன்றாகவே இருந்தது.

ஆனால் என்னைச் சிந்திக்க வைத்தது அவனுடைய முதல் வினாவன்று. அதே மூச்சில் அவன் வைத்த இரண்டாவது முறையீடுதான். “இந்த ஸ்டார் வார்ஸ்காரர்கள் இருக்கிறார்களே, படமும் தொடரும் போட்டுப் போட்டு அலுப்பாக்கிவிட்டார்கள்” என்றான். ஒருவர் மேல் ‘தரவில்லை’ என்று வழக்கு. மற்றவர் மேல் ‘தந்துவிட்டார்’ என்று வழக்கு. பசியும் அசீரணமும் ஒரே வயிற்றில் ஒரே வேளையில் இருக்க முடியுமா? முடியும் என்றுதான் தோன்றுகிறது. அவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதும் என் எண்ணம்.

அரபியில் காத்திருத்தலுக்கு ‘இன்திழார்’ என்று பெயர். நூன், ழா, ரா என்னும் மூல எழுத்துகளிலிருந்து பிறந்த சொல். அம்மூலத்தின் பொருள் பார்த்தல் என்பது. தமிழிலும் ‘எதிர்பார்த்தல்’ என்கிறோம். ‘வழி பார்த்திருத்தல்’ என்கிறோம். ஆனால் தமிழில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. காத்து இருத்தல். காத்தல் என்றால் காவல் புரிதலன்றோ? காத்திருப்பவன் சும்மா இருப்பவனல்லன். ஏதோ ஒன்றைக் காவல் செய்துகொண்டிருப்பவன். கதை கேட்பவன் காப்பது எதனை? சொன்னவன் அவன் உள்ளத்தில் ஒப்படைத்துச் சென்ற பாதிக் கதையை. அது அவனிடம் அமானிதமாக இருக்கிறது. பெயர்களையும் முகங்களையும் போட்ட முடிச்சுகளையும் அவன் நினைவில் பேணுகிறான். ஒரு வாரம் பேணுவது எளிது, ஓராண்டும் இயலும். மூன்றாண்டுகள் பேண எத்தனை பேரால் இயலும்? நினைவு அறுக்கப்பட்ட மனிதர்களைப் பற்றிய அக்கதையைப் பார்த்தவர்களே அதை மறந்துவிட்டு, இரண்டாம் பருவத்துக்கு முன் முதற்பருவத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள் என்று மருமகன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இந்தத் தாமதம் சோம்பலால் வந்ததன்று. இதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 1966 செப்டம்பர் 8ஆம் நாள் என்.பி.சி. நிறுவனத்தில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ முதற்பருவத்தில் மட்டும் 29 பகுதிகள் வந்தன. விளம்பரதாரரின் நாட்காட்டி அதை ஆண்டது. அட்டையாலும் மரப்பலகையாலும் கட்டிய கோள்களாயினும் வாரம் தவறாமல் வந்தாக வேண்டும். இக்காலத்தில் ஒரு பருவம் எட்டு அல்லது பத்துப் பகுதிகளே; ஆயினும் ஒவ்வொன்றும் திரைப்படம் போலவே எடுக்கப்படுகிறது. சந்தாவால் நடக்கும் நிறுவனங்களுக்கு இலையுதிர்காலத்தில் தொடங்கியே தீரவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. இவற்றோடு 2020இன் கொள்ளைநோய் சேர்ந்தது. 2023இல் அமெரிக்க எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பகுதிகள் குறைந்ததால் எழுத்தாளர்க்கு வேலை வாரங்களும் குறைந்தன என்பது அவ்வேலைநிறுத்தத்தின் குறைகளுள் ஒன்று. ஆகவே, காத்திருந்தவன் பார்வையாளன் மட்டுமல்லன். எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்காக எழுத்தாளனும் காத்திருந்தான்.

காலம் கதைக்காக நிற்பதில்லை என்பதற்கு ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ நல்ல சான்று. அதன் மையக் கதை 1983இல் தொடங்கி 1987இல் முடிகிறது, நான்கே ஆண்டு. ஒளிபரப்போ 2016 ஜூலையில் தொடங்கி 2025 டிசம்பர் 31இல் முடிந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவர்களாக வந்தவர்கள் இருபது கடந்த பின்னும் பள்ளிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று.

நிற்க. சலிப்பின் கதையைப் பார்ப்போம். 1977, 1980, 1983 என மும்மூன்றாண்டு இடைவெளியில் மூன்று ஸ்டார் வார்ஸ் படங்கள் வந்தன. பின்னர்ப் பதினாறு ஆண்டு மௌனம். 2012இல் அதைப் படைத்த ஜார்ஜ் லூக்காஸ் தம் நிறுவனத்தை ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு டிஸ்னி நிறுவனத்தாரிடம் விற்றார். 2015 முதல் ஆண்டுக்கொரு படம். 2017 டிசம்பரில் ஒன்று வந்து ஐந்தே திங்களில், 2018 மேயில், இன்னொன்றும் வந்து வீழ்ந்தது. அளவுக்கு மிஞ்சி, வேகத்துக்கு மிஞ்சிக் கொடுத்துவிட்டோம் என்ற பொருள்பட அந்நிறுவனத்தின் தலைவரே அவ்வாண்டு ஒப்புக்கொண்டார். ஸ்டார் ட்ரெக் குடும்பத்துக்கும் இதே கதிதான். 1987 முதல் 2005 வரை இடைவிடாமல் நான்கு தொடர்கள், 600க்கு மேற்பட்ட பகுதிகள். இறுதியில் பார்ப்பார் குறைந்து நின்றுபோயிற்று. எப்போதும் வாசலிலேயே நிற்கும் விருந்தாளிக்காக யார் வழி பார்ப்பார்கள்? காப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் காத்திருத்தலும் இல்லை.

இது நம் காலத்தில் பிறந்த நோய் என்று எண்ண வேண்டா. ‘ஆயிரத்தொரு இரவுகள்’ நூலின் வரலாறே இதற்கு முன்னோடி. பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கலான் 1704இல் அதை மொழிபெயர்த்து வெளியிடத் தொடங்கினார். அவர் கைக்குக் கிடைத்த சிரியா நாட்டு அரபு ஏட்டில் இருந்தவை சுமார் 282 இரவுகளே! ஏடு தீர்ந்தது, வாசகர் பசி தீரவில்லை. 1709இல் பதிப்பாளர், வேறொருவர் மொழிபெயர்த்த கதைகளைக் கலானின் ஒப்புதல் இன்றியே எட்டாம் தொகுதியில் சேர்த்து விற்றுவிட்டார். அதே ஆண்டு ஹலப் நகரிலிருந்து பாரிஸ் வந்திருந்த ஹன்னா தியாப் என்னும் இளைஞர் கலானுக்கு வாய்மொழியாகச் சில கதைகள் சொன்னார். உலகமெல்லாம் அறிந்த அலாவுதீனும் அலிபாபாவும் அவ்வழி நுழைந்தவர்களே. பின்னர் எகிப்தில் தொகுத்தவர்களும், மிகப் பல என்பதைக் குறித்த ‘ஆயிரத்தொன்று’ என்பதை எண்ணிக்கையாகவே கொண்டு, கிடைத்த கதைகளையெல்லாம் கொட்டி நிரப்பினார்கள். 1835இல் கெய்ரோவின் பூலாக் அச்சகம் வெளியிட்ட பதிப்பில் கணக்குச் சரியாகவே இருக்கிறது. தலைப்பு கேட்டது, கதை கொடுத்தது. அவற்றுள் அரிய கதைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் முழுவதையும் ஒருமுறை படித்து முடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: நடுவில் நூற்றுக்கணக்கான இரவுகள் தூக்கத்துக்கு உரியவை.

ஷஹ்ரஸாதின் செயலை மட்டும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். அவளும் பாதியில் நிறுத்தியவள்தான். விடிந்தால் வாய் மூடியவள்தான். ஆனால் அவள் நிறுத்தியது உயிரைக் காப்பாற்றிக்கொள்ள. அடுத்த இரவு தவறாமல் வந்து, நிறுத்திய இடத்திலிருந்தே தொடங்கினாள். முடிச்சைப் போட்டவளும் அவளே, அவிழ்த்தவளும் அவளே. இதை நினைவில் வைத்துக்கொண்டு மருமகனின் மஸ்அலாவுக்கு வருவோம்.

கதை சொல்பவன் நாளைக் குறித்து வாக்களிக்கவில்லை. ஆகவே காலத்தைப் பொறுத்து அவன் கடனாளி அல்லன். ஆனால் முடிச்சைப் போட்டபோதே, அவிழ்ப்பேன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டான். அந்த வாக்கே கடன். சாவு குறுக்கிட்டால் அது பொறுக்கப்படும். 1870இல் டிக்கன்ஸ் இறந்தபோது அவருடைய கடைசி நாவல், திட்டமிட்ட பன்னிரண்டு பகுதிகளில் ஆறோடு நின்றது. எவரும் அவரைப் பழிக்கவில்லை. ‘வெஸ்ட்வேர்ல்ட்’ தொடரின் செய்தி வேறு. 2016, 2018, 2020, 2022 என்று ஒன்றுவிட்ட ஆண்டுகளில் நான்கு பருவங்கள் வந்தன. ஐந்தாவதோடு கதையை முடிக்க எண்ணியிருந்தார்கள் படைத்தவர்கள். 2022 நவம்பரில் நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. அடுத்த திங்களே, வந்த பருவங்களையும் தன் சந்தாச் சேவையிலிருந்து நீக்கிவிட்டது. ஆறாண்டு காவல் புரிந்தவனின் கையில் யாருடையது என்று தெரியாத பொருள் மிஞ்சிற்று. சொல்ல எண்ணியவனுக்குச் சொல்லும் உரிமை இல்லை. உரிமை உள்ளவனோ எதையும் வாக்களித்தவனல்லன். இங்கேதான் நோயின் வேர் இருக்கிறது. கதை சொத்தாகிவிட்டது. சொத்தை விற்கலாம், வாங்கலாம், பெருக்கலாம், பூட்டி வைக்கலாம். சொத்து கைமாறும்போது வாக்கு உடன் செல்வதில்லை. எல்லை தெரியாத சொத்தை ஒருவர் ஓயாமல் உழுகிறார், நமக்குச் சலிப்பு. மற்றொருவர் தரிசாகப் போட்டுவிடுகிறார், நமக்கு ஏக்கம்.

கேட்பவன் குற்றமற்றவன் என்றும் சொல்வதற்கில்லை. கானன் டாயில் 1893 டிசம்பரில் ஷெர்லாக் ஹோம்ஸைக் கொன்று கதையை முடித்தார். வாசகர்கள் விட்டார்களா? அவர் இறங்கிவந்து முதலில் பழைய வழக்கு என்று ஒன்றை எழுதி, 1903இல் செத்தவரை உயிர்ப்பித்தே விட்டார். அறிவியற் புனைகதையில் பெரும்பெயர் பெற்ற ஐசக் அசிமோவ் தம் ‘ஃபவுண்டேஷன்’ கதைகளை 1951 முதல் 1953 வரை மூன்று நூல்களாக வெளியிட்டுவிட்டு ஒதுங்கினார். பதிப்பாளரும் வாசகரும் வற்புறுத்த, ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, 1982இல் நான்காம் நூல் வந்தது. அவருடைய நூல்களுள் அதிகம் விற்பவற்றின் பட்டியலில் முதன்முதல் ஏறியது அதுவே. முடிந்ததை முடிந்தது என்று ஏற்க நமக்கே மனமில்லாதபோது, விற்பவனை மட்டும் எப்படி நோவது?

“அப்படியானால் ‘ஆண்டோர்’ எனக்கு ஏன் அலுக்கவில்லை?” என்று மருமகன் மடக்கினான். அதுவும் ஸ்டார் வார்ஸ் குடும்பத்துத் தொடரே. 2022 நவம்பரில் முதற்பருவம் முடிந்தது. இரண்டாவது 2025 ஏப்ரல் 22இல்தான் வந்தது. சலித்த குடும்பம், நீண்ட காத்திருப்பு ஆகிய இரு குறைகளும் அதற்கு உண்டு. ஆனால் அதன் தலைவன் எங்கே, எப்படி இறக்கிறான் என்பது 2016இல் வந்த படத்திலேயே காட்டப்பட்டுவிட்டது. தொடர் அவ்விடம் வரை சென்று நின்றாக வேண்டும். முதலில் ஐந்து பருவங்கள் என்று எண்ணியவர்கள், அத்தனை ஆண்டு உழைப்பு இயலாதென்று கண்டு, எஞ்சிய நான்காண்டுக் கதையை ஆண்டுக்கு மூன்று பகுதி வீதம் பன்னிரண்டில் சொல்லி முடித்தார்கள். எல்லை தெரிந்த பயணத்தில் தாமதம் அவ்வளவாக வருத்துவதில்லை.

இவ்விடத்தில் எனக்கு என் தொழில் நினைவுக்கு வந்தது. பஸராவின் ஹரீரி எழுதிய மகாமாத் நம் மதரஸாக்களில் ஓதப்படும் நூல். ஐம்பது மகாமாக்கள். ஒவ்வொன்றிலும் அபூஸைத் என்னும் நாவன்மை மிக்க ஏமாற்றுக்காரன் புதுவேடத்தில் வருகிறான். ஹாரித் என்பவர் அவனை ஒவ்வொரு முறையும் கடைசியில் அடையாளம் கண்டுகொள்கிறார். ஒரே அச்சில் வார்த்தவை, ஆயினும் சலிக்கவில்லை. ஹரீரியைப் பற்றி இப்னு கல்லிகான் ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறார். நாற்பது மகாமாக்களோடு பக்தாத் வந்த அவரைச் சிலர், இவை உம்முடையவை அல்ல என்றார்கள். அப்படியாயின் இங்கேயே ஒன்று எழுதிக் காட்டும் என்று அமைச்சர் பணித்தார். மைக்கூட்டோடு மூலையில் நெடுநேரம் அமர்ந்தும் ஹரீரிக்கு ஒரு வரியும் ஓடவில்லை. நாணி எழுந்து ஊர் திரும்பியவர், அங்கிருந்து பத்து எழுதி அனுப்பினார். ஆணையிட்டால் வராதது, இருந்த இடத்தில் இருந்தால் வந்தது. ஐம்பதாவதில் அபூஸைத் உண்மையாகவே திருந்திவிடுகிறான். ஹாரித் அவனுடைய ஊருக்கே தேடிச்சென்று கண்டு, விடைபெற்றுத் திரும்புகிறார். ஐம்பத்தொன்று இல்லை.

மருமகன் அந்நூலைக் கேட்க வேண்டும் என்றான். வெள்ளிக்கிழமை தோறும் அஸருக்குப் பின் ஒன்று வீதம் தமிழில் சொல்லி வருகிறேன். மழையாலும் அவனுடைய நேர்முகத் தேர்வுகளாலும் இரண்டு மூன்று வாரங்கள் தவறின, பதினேழில் நிற்கிறோம். கடைசியில் அந்த ஆள் பிடிபடுவானா என்று கேட்டான். நான் சொல்லவில்லை. இந்த இதழ் அவன் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.